தம்பிய மனநல டாக்டர்கிட்ட காட்டணும், "ஊருக்கு தெரிஞ்சிரும்"னு வீட்ல பயப்படுறாங்க. என்ன செய்யலாம்?

மேல்புறம்அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். யார்கிட்ட கேக்கதுன்னு தெரியாம ரெண்டு வாரமா மனசுக்குள்ளயே போட்டு வச்சிருந்தேன், இன்னைக்கு எழுதிரணும்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

எங்க வீடு களியக்காவிளைல இருந்து கொஞ்சம் உள்ள போணும். தம்பிக்கு 27 வயசு. மூணு வருஷம் கல்ஃப்ல ஏசி மெக்கானிக்கா இருந்தான், போன வருஷம் வேலை போயி ஊருக்கு வந்துட்டான். வந்த புதுசுல நல்லாத்தான் இருந்தான், அப்பாவுக்கு முட்டுவலின்னு அவனே ரப்பர் வெட்ட இறங்குனான், விடியக்காலம் நாலு மணிக்கு ஹெட்லைட்ட மாட்டிட்டு போனான்னா ஏழு ஏழரைக்குள்ள மொத்த மரத்தையும் வெட்டி முடிச்சிட்டு சாயா குடிக்க வந்துருவான். இப்போ நாலஞ்சு மாசமா அந்த ஆளே இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு திண்ணையில உக்காந்திருக்கான், ஆனா ரப்பர் விளைக்கு, அதான் தோட்டத்துக்கு, போறதில்ல. போன வாரம் நான் போயி பாத்தேன், சிரட்டை எல்லாத்துலயும் மழைத்தண்ணி நின்னு கொசுப்புழு நெளியுது, பட்டையில பால் காஞ்சு கறுத்து கிடக்கு, பால்கத்தி ஒரு மரத்துல சொருகுன மேனிக்கே துருப்பிடிச்சு நிக்கு. கத்திய தீட்டித் துடைச்சு வைக்காம ஒருநாளும் படுக்காதவன் அவன். அங்கயே நின்னு அழுதுட்டேன்.

சாப்பாடு பாதியா கொறஞ்சாச்சு, சட்டை எல்லாம் தொளதொளன்னு கெடக்கு. கொயர்ல பாடிட்டு இருந்தவன் சர்ச் பக்கமே வாறதில்ல. என்னடா செய்யுதுன்னு கேட்டா "நெஞ்சுக்குள்ள வெப்ராளமா இருக்குக்கா" அவ்வளவுதான். போன ஞாயித்துக்கிழமை "நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் ஒரு பாரம் கொறையும்லா"ன்னு சொன்னான். அதுல இருந்து எனக்கும் தூக்கம் இல்ல.

வீட்ல என்ன பிரச்சனைன்னா தங்கச்சிக்கு ஒரு எடம் ஏறக்குறைய பேசி முடியுற நெலமைல இருக்கு. நம்ம ஊர் ஆஸ்பத்திரில காட்டுனா யாராவது பாத்துருவாங்க, "அந்த வீட்ல பிராந்து (பைத்தியம்) உண்டு"ன்னு ஒரு வார்த்தை மாப்பிள்ளை வீட்டுக்கு போச்சுன்னா எல்லாம் முடிஞ்சுன்னு அம்மா அழுறாங்க. உபவாச ஜெபத்துக்கு கூட்டிட்டு போயாச்சு, சித்தப்பா எங்கயோ கயிறு மந்திரிச்சு வாங்கிட்டு வந்து கெட்டியாச்சு. போன மாசம் மாமா டாக்ஸி பிடிச்சு திருவனந்தபுரத்துல ஒரு பிரைவேட் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனாரு, அங்கன்னா நம்மள யாருக்கும் தெரியாதுன்னு. அஞ்சு நிமிஷம் கூட பேசல, மாமா மலையாளத்துல சொல்ல சொல்ல அவரு எழுதிக் குடுத்துட்டாரு. மாத்திரைய ஒன்பது நாள் சாப்ட்டான், கொமட்டுது அசதியா இருக்குன்னான், ஒரு மாத்தமும் இல்லன்னான், "மருந்து பழகிப் போச்சுன்னா பொறவு விடவே முடியாது"ன்னு அம்மா மீதி இருந்ததெல்லாம் எடுத்து வாழைக்குழில போட்டுட்டாங்க.

இப்போ நான் என்ன செய்யணும்? பக்கத்துலயே காட்டலாமா, இல்ல தூரமாவே போகணுமா? அந்த மாத்திரை நெஜமாவே பழகிருமா? அம்மாகிட்ட எப்படி பேசுறது? இந்த வழியா போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

அருமனைக்காரி:

மக்களே, மொதல்ல ஞாயித்துக்கிழமை அவன் சொன்ன வார்த்தைய பத்தி பேசுவோம், மத்தது பொறவு. அத சும்மா வெறுப்புல சொன்னதுன்னு விடாத. இன்னைக்கே அவன தனியா உக்கார வச்சு "உயிர விட்டுரலாம்னு தோணுதாடா"ன்னு நேராவே கேளு. கேட்டா இல்லாத நெனப்ப நாமளே கெளப்பி விட்டுருவோம்னு பயப்படாத, அப்படி ஆகாது, கேக்க ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா அவனுக்கு பாரம் எறங்கும். வீட்ல ரப்பர் ஷீட் அடிக்க வச்சிருக்க ஆசிட், வாழைக்கு அடிக்கிற மருந்து எல்லாத்தையும் எடுத்து உன் வீட்டுக்கு கொண்டு போயி பூட்டி வை. ராத்திரி அவன் கூட யாராவது படுக்கட்டும். இதுக்கு ஊருக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், யாரு சம்மதமும் வேண்டாம்.

இனி எங்க கதைய சொல்லுகேன். எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டிட்டு இருந்தாரு. 2009-ல தொடங்கிச்சு. எங்க மாமியாரும் இதே பேச்சுதான், எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைகள், நாளைக்கு எவன் கெட்டுவான்னு. நாங்களும் தெக்க ஆஸ்பத்திரி இருக்கும்போது வடக்க போனோம், இடுப்புவலிக்கு எண்ணெய் போட்டு உழிய போறோம்னு ஊர்ல சொல்லிட்டு மாசம் ஒருக்கா கெளம்புவோம். மாத்திரை அட்டைய வீட்ல வச்சா பேர வாசிச்சு யாராவது கண்டுபிடிச்சிருவாங்கன்னு நான் ராத்திரி கதவ அடச்சிட்டு ஒவ்வொண்ணா பிதுக்கி எடுத்து ஒரு பழைய சத்து மாத்திரை டப்பால போட்டு வைப்பேன். அட்டைய அடுப்புல போட்டா அது நாறும், அதனால கத்திரிக்கோல் வச்சு துண்டு துண்டா நறுக்கி தாள்ல பொதிஞ்சு கொளத்துல கொண்டு போயி போடுவேன். என்னமோ களவுப் பொருள ஒளிக்கிற மாதிரி. அத நெனச்சா இன்னைக்கும் எனக்கு வெப்ராளமா வருது, ஏன்னா சீக்கு அவருக்கு, நான் ஒளிச்சதெல்லாம் அவரத்தான்.

மூணாவது வருஷம் என் தங்கச்சி பிரசவத்துக்கு நான் பத்து நாள் போயிட்டேன். மாமியாரு அலமாரிய தொடச்சவங்க பழைய சத்து மாத்திரைதானேன்னு அந்த டப்பாவ தூக்கிப் போட்டுட்டாங்க. அவங்கள என்ன குத்தம் சொல்ல, அவங்களுக்கு நான் சொன்னாத்தானே. இவரும் வாய தொறந்து கேக்கல, கேட்டா பக்கத்து வீட்டுக்கு கேக்கும்னு. நான் வந்தப்ப பதினோரு நாள் மருந்து இல்லாம மனுஷன் ரெண்டு நாளா பேச்சே இல்லாம செவுத்த பாத்துட்டு கெடக்காரு. மொதல்ல வந்தத விட மோசமா வந்து மூணு வாரம் ஆஸ்பத்திரில படுத்தாரு. ஒளிச்சு ஒளிச்சு பாக்குற வைத்தியம் பாதில நின்னு போகும் மக்களே, எனக்கு தெரிஞ்சது இது ஒண்ணுதான், ஆனா அத நான் பட்டு தெரிஞ்சது.

அதுக்கு பொறவு நான் மொதல்ல மாமியாருகிட்ட சொன்னேன், பொறவு என் மைனிகிட்ட. ஒரு நாள் பெண்கள் ஐக்கிய சங்கத்துல ஜெபக்குறிப்பு கேட்டாங்க, எல்லாரும் சர்க்கரை, பிரஷர், ஆபரேஷன்னு சொல்லுகாங்க, நானும் எந்திரிச்சு "எங்க வீட்டுக்காரருக்கு மனசு சம்பந்தமான சீக்கு, மருந்து சாப்பிடுகாரு, அவருக்காக ஜெபிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டேன். கை காலெல்லாம் நடுங்குச்சு. அன்னைக்கு சாயங்காலம் பொழுது அடஞ்ச நேரம் அடுக்களை வாசல் வழியா ஒருத்தி வந்தா, "அந்த டாக்டரு எந்த நாள் இருப்பாரு"ன்னு. அடுத்த வாரம் இன்னொருத்தி, அவ மகனுக்காக. நாலு வருஷமா ஒரே தெருவுல இருக்கோம், மூணு வீட்லயும் டப்பா ஒளிச்சு வச்சிருந்திருக்கோம்.

பிள்ளைகள் ரெண்டையும் கெட்டிக் குடுத்தாச்சு. ஒரு எடம் இதக் கேட்டு போயிட்டு, பொய் சொல்ல மாட்டேன். வந்த எடத்துக்கு எல்லாம் தெரியும்.

பழையவார்டு_சிஸ்டர்:

அக்கா சொன்னது ஒவ்வொண்ணும் சரி. நான் அரசு ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டயர்ட் ஆனவ, மனநல வார்டுல மட்டும் ஆறு வருஷம். மேல்புறம் தங்கச்சி கேட்டதுக்கு எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

நீங்க சொல்றத பாத்தா மனச்சோர்வு மாதிரி இருக்கு, ஆனா அத டாக்டர்தான் சொல்லணும், ஏன்னா தைராய்டு கொறஞ்சாலும் ரத்தம் கொறஞ்சாலும் கூட இதே மாதிரி அசதி, சோர்வு எல்லாம் வரும், அதுக்கும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்து பாப்பாங்க. மாத்திரை விஷயத்துல அம்மாவோட பயம் எல்லா வீட்லயும் உள்ளதுதான். இதுல ரெண்டு வகை மருந்து கொழம்புது. அல்பிரசோலம், குளோனாசெபாம் மாதிரி தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் குடுக்குறது பழகும், அத டாக்டர் சொன்ன நாளுக்கு மேல கடைல வாங்கி சாப்பிடக் கூடாது. ஆனா மனச்சோர்வுக்கு குடுக்குற எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் இதெல்லாம் அந்த மாதிரி அடிமையாக்குற மருந்து கெடையாது. டக்குன்னு நிறுத்துனா மட்டும் தலைசுத்தல், எரிச்சல், தூக்கக்கேடு வரும், அதனால டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு நிறுத்துவாங்க. முக்கியமா இது வேலை செய்யவே ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம். கொமட்டலும் அசதியும் மொத வாரத்துலயே வந்துரும், கொணம் அப்புறம்தான் தெரியும். உங்க தம்பி ஒன்பதாவது நாள்ல நிறுத்துனான்னா கஷ்டத்த மட்டும் பட்டுட்டு பலன் வாறதுக்கு முன்னாடி எறங்கிட்டான். இத அஞ்சு நிமிஷத்துல எழுதிக் குடுத்தவங்க சொல்லியிருக்கணும், சொல்லாததுதான் எனக்கு வருத்தம். இன்னொண்ணு, ஆரம்பத்துல சில இளவட்டங்களுக்கு படபடப்பும் அந்த மாதிரி நெனப்பும் கூடலாம், அதனால மொத சில வாரம் கண்ணு அவன் மேலயே இருக்கட்டும், கூடுதுன்னா உடனே டாக்டருக்கு சொல்லணும். நல்லான பொறவும் ஆறு ஒன்பது மாசமாவது தொடரச் சொல்லுவாங்க, அதுவரைக்கும் "சரியாச்சே எதுக்கு"ன்னு நிறுத்திராதீங்க.

இவ்வளவு காலம் ஓடணும்னா எடம் பக்கத்துல இருக்கணும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மனநலப் பிரிவு இருக்கு, மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு உண்டு, அந்த டீம் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாள்ல வரும், உங்க பக்கத்து ஆஸ்பத்திரில எந்த நாள்னு ஓபி சீட்டு போடுற எடத்துல கேட்டா சொல்லிருவாங்க. ராத்திரில அவனுக்கு முடியலன்னா 14416, டெலி மானஸ், 2022 அக்டோபர்ல தொடங்குனது, 24 மணி நேரமும் உண்டு, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம், மலையாளமும் உண்டு. 104-லயும் பேசலாம். அவன் பேச மாட்டேன்னா நீங்களே கூப்பிட்டு எப்படி நடந்துக்கணும்னு கேக்கலாம். ஆனா உயிருக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா போன்ல நிக்காதீங்க, நேரா எந்த ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கும் போங்க.

ஊருக்கு தெரியுமேங்கிறதுக்கு, 2017 மனநல பராமரிப்புச் சட்டம் 2018 மே-ல அமலுக்கு வந்தது, அதுல 23-வது பிரிவு நோயாளி விவரத்த வெளிய சொல்லக் கூடாதுங்குது. 115-வது பிரிவு, உயிர மாய்க்க முயற்சி பண்ணவங்கள கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும், கேஸ் போட்டு தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது, போலீஸ் கேஸ் ஆயிரும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு கொண்டு வராம விட்ட குடும்பங்கள நான் பாத்திருக்கேன், அதான் இதையும் சொல்றேன். உடம்பு சீக்குக்கு உள்ள மாதிரியே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் குடுக்கணும்னும் அதே சட்டத்துல இருக்கு.

அம்மாகிட்ட ஜெபத்த விடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. ஏர்வாடி தர்கா பக்கத்துல ஒரு காப்பகத்துல 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி சங்கிலில கெட்டிப் போட்டிருந்த மனநோயாளிங்க தீயில ஓட முடியாம 28 பேர் செத்தாங்க, அன்னைக்கு எங்க வார்டுல யாரும் சரியா சாப்பிடல. அதே ஏர்வாடி தர்காலயே இப்போ அரசு மனநல கிளினிக் இருக்கு, துவாவும் ஓதிக்கலாம், மருந்தும் வாங்கிக்கலாம். "ஜெபமும் பண்ணுவோம், மாத்திரையும் குடுப்போம்"னு சொல்லுங்க, பிரஷருக்கு அம்மா அப்படித்தானே செய்றாங்க.

பாறசாலைதம்பி:

அக்கா, நான் பார்டருக்கு இந்தப் பக்கம், கேரளா. வீட்ல தமிழ்தான், படிச்சது மலையாளம். நீங்க ஒளிஞ்சுக்க இங்க வாறீங்க, நான் ஒளிஞ்சுக்க அங்க போனேன். எனக்கு பேனிக் அட்டாக் வந்தப்ப ஹார்ட்டுன்னு நெனச்சு ரெண்டு தடவை ஈசிஜி எடுத்து, ஒண்ணுமில்லன்னு சொன்ன பொறவு நாகர்கோவில்ல ஒரு கிளினிக்குக்கு போயிட்டு இருந்தேன், வீட்ல இன்டர்வியூன்னு சொல்லுவேன். எத்தனை மாசம் இன்டர்வியூ போக முடியும்? பஸ் விட்டா அப்பாயின்ட்மென்ட் போச்சு, மழைன்னா போச்சு, கைல காசு இல்லன்னா போச்சு, அப்படியே ரெண்டு மாசம் மருந்து இல்லாம கெடந்தேன். இப்போ இங்க பக்கத்துலயே அரசு ஆஸ்பத்திரில காட்டுறேன், வீட்ல இருந்து பைக்ல பத்து நிமிஷம்.

எங்க பக்கத்துலயும் உங்க பக்கத்துலயும் ஒருத்தன திட்டணும்னா "ஊளம்பாறைக்கு கொண்டு போணும்"ம்பாங்க, மெட்ராஸ்காரங்களுக்கு கீழ்ப்பாக்கம் மாதிரி. திருவனந்தபுரத்துல உள்ள அந்த மனநல ஆஸ்பத்திரி 1870-ல ஆரம்பிச்சது, கன்னியாகுமரி மொதல்ல திருவிதாங்கூர், பொறவு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிதானே, அதான் ரெண்டு பக்கமும் அதே பேரு. பஸ் அந்தப் பக்கம் போகும்போது நான் சின்ன வயசுல கண்ண மூடிக்குவேன். இப்போ அங்க ஓபில தூக்கம் வராதவங்க, குடிய விட வந்தவங்க, பரீட்சை பயம் உள்ள பிள்ளைங்க எல்லாரும்தான் டோக்கன் எடுத்துட்டு உக்காந்திருக்காங்க.

இன்னொண்ணு, உங்க தம்பி "வெப்ராளம்"னு சொன்னத மாமா அப்படியே மலையாளத்துல சொல்லியிருந்தா டாக்டருக்கு அது வெறும் பதட்டம், அவசரம்னுதான் கேட்டிருக்கும். நம்ம தமிழ்ல அதுக்குள்ள துக்கமும் ஆத்தாமையும் எல்லாம் இருக்கு. அவன் அவனோட பேச்சுலயே சொல்லக்கூடிய எடத்துக்கு கூட்டிட்டு போங்க, மாமாவ வெளிய உக்காரச் சொல்லுங்க.

குழித்துறைமாமா:

எல்லாரும் சொல்றது நல்லதுதான், ஆனா நடைமுறைய பாருங்க. தங்கச்சி கல்யாணம் முடியுற வரைக்கும் ஒரு ரெண்டு மூணு மாசம் பொறுத்தா என்ன? நானும் பொம்பளைப் பிள்ளைய பெத்தவன், ஒரு பேச்சு போதும் எடம் கலைய. கல்யாணம் முடிஞ்ச பொறவு எங்க வேணும்னாலும் காட்டிக்கலாம்.

பழையவார்டு_சிஸ்டர்:

அண்ணாச்சி, உங்க பயம் எனக்கு புரியுது, நானும் ரெண்டு கல்யாணம் நடத்துனவதான். ஆனா அந்தப் பையன் ஞாயித்துக்கிழமை சொன்ன வார்த்தைய இன்னொருக்கா வாசிங்க. நெஞ்சுவலின்னு சொன்னா ரெண்டு மாசம் பொறுப்போமா? எங்க வார்டுக்கு "முகூர்த்தம் முடியட்டும்"னு வச்சிருந்து கொண்டு வந்தவங்க உண்டு, நேரத்துக்கு வந்து சேராதவங்களும் உண்டு, அவங்க அம்மாமாரோட அழுகை இன்னும் என் காதுல கேக்கு. 2015-16-ல பெங்களூர்ல உள்ள மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் 12 மாநிலத்துல எடுத்த தேசிய மனநல ஆய்வுல, அதுல தமிழ்நாடும் கேரளாவும் உண்டு, பெரியவங்கள்ல நூத்துக்கு பத்து பேருக்கு மேல ஏதாவது ஒரு மனநோய் இருக்குன்னு வந்துச்சு. சீக்கப் பொறுத்து 70-ல இருந்து 92 சதவீதம் பேர் சிகிச்சையிலயே இல்ல. மாப்பிள்ளை வீட்டுலயும் சொந்தத்துல எங்கயாவது ஒருத்தர் இருப்பாங்க அண்ணாச்சி.

அருமனைக்காரி:

சொல்லாம முடிச்ச கல்யாணத்துல பொறவு தெரிஞ்சா அந்தப் பிள்ளைதான் அங்க தலை குனிஞ்சு நிக்கும். ஊரு முழுக்க சொல்லணும்னு நான் சொல்லல. தம்பிக்கு ஒடம்பு சரியில்ல, மருந்து எடுக்கான், அவ்வளவு சொன்னா போதும்.

குழித்துறைமாமா:

சரி சிஸ்டர். அந்த ஞாயித்துக்கிழமை விஷயத்த நான் ஓடுன ஓட்டத்துல வாசிச்சிட்டேன். மொதல்ல பையன பாருங்கம்மா.

மேல்புறம்அக்கா:

எல்லாருக்கும் நன்றி. பன்னெண்டு நாள் கழிச்சு எழுதுறேன்.

அன்னைக்கு ராத்திரியே அவன்கிட்ட நேரா கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, பொறவு "தோணும்க்கா, விடியக்காலம்தான் ரொம்ப தோணும்"னான். எனக்கு வயிறு கலங்கிருச்சு, ஆனா அவன் அத சொன்ன பொறவு எத்தனையோ நாளைக்கு அப்புறம் என் மடில தலைய வச்சு படுத்தான். ஆசிட் கன்னாச (கேன) எல்லாம் என் வீட்டுக்காரரு எடுத்துட்டு போயிட்டாரு. மறுநாள் காலைல அம்மாகிட்ட அவன் சொன்னத மட்டும் சொன்னேன், வேற ஒண்ணும் பேசல. அம்மா அதுக்கப்புறம் வேண்டாம்னு சொல்லல, நான் வரலன்னு மட்டும் சொன்னாங்க.

ஆசாரிப்பள்ளத்துக்கு நானும் அவனும் மட்டும்தான் போனோம். ஓபில பெஞ்சு நெறய கூட்டம். அங்க எங்க தெருவுல உள்ள ஒரு சித்தி இருந்தாங்க, மருந்துச் சீட்ட கைல வச்சிட்டு. என்ன பாத்ததும் முந்தானைய எடுத்து மொகத்த மறச்சாங்க, நானும் வேற பக்கம் திரும்பிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே நகந்து எடம் குடுத்து "இங்க இரி மக்களே, டோக்கன் எத்தனை"ன்னு கேட்டாங்க. தம்பிக்கு அவங்கதான் தண்ணி குடுத்தாங்க.

டாக்டர் சின்ன வயசு பொண்ணு. என்ன வெளிய இருக்க சொல்லிட்டாங்க. இருபது நிமிஷத்துக்கு மேல உள்ள பேசிட்டு இருந்தான், கதவு வழியா அவன் சத்தம் கேட்டுச்சு, என்ன பேசுறான்னு கேக்கல, பேசுறான்னு மட்டும் தெரிஞ்சுது. பொறவு என்ன கூப்பிட்டு, மாத்திரை என்ன மாத்திரை, மொத பத்து நாள் எப்படி இருக்கும், என்ன ஆனா உடனே வரணும், எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாங்க, சிஸ்டர் சொன்ன மாதிரியேதான். தைராய்டுக்கு ரத்தமும் எடுத்தாங்க, அது நார்மல்னு வந்தாச்சு. ஒவ்வொரு வாரமும் வரச் சொல்லியிருக்காங்க.

இப்போ பதினோராவது மாத்திரை. பெருசா மாத்தம்னு சொல்ல முடியாது, கொமட்டல் கொறஞ்சிருக்கு, நேத்து நாலு மணி வரைக்கும் தூங்குனான். விளைக்கு இன்னும் போகல, நாங்களும் சொல்லல, சிரட்டைய எல்லாம் அப்பா கவுத்து வச்சாச்சு. தங்கச்சி மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பா போன்ல சொல்லிட்டாரு, "யோசிச்சு சொல்றோம்"னு சொல்லியிருக்காங்க, இன்னும் பதில் வரல. தங்கச்சி "போனா போகட்டும்க்கா"ன்னு சொல்றா, ஆனா போன் அடிச்சா ஓடிப் போய் பாக்குறா, அவளுக்காகவும் ஜெபிச்சுக்கோங்க.

மாத்திரை அட்டை ஃப்ரிட்ஜ் மேல அப்பாவோட பிரஷர் மாத்திரை பக்கத்துலதான் இருக்கு. அடுத்த ரிவ்யூ வியாழக்கிழமை. அம்மா தானும் வாறேன்னு சொல்லியிருக்காங்க, ஆனா ஊர்ல இருந்து ஒண்ணா பஸ் ஏற வேண்டாம், மார்த்தாண்டம் ஸ்டாண்டுல வந்து நிக்கேன்னு சொல்றாங்க. சரி வாங்கன்னு சொல்லிட்டேன்.